மிதிவண்டி பிரீவீலைத் தனிக்கருவி இன்றிக் கழற்றுதல்

பிரீவீல் என்பது மிதிவண்டியின் பின்சக்கரக் குடத்தில், அதாவது ஹப்பில், வலப்பக்கமாகத் திருகிப் பொருத்தப்படும் பல்சக்கரம் ஆகும். மிதிக்கும்போது இது சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரத்தைத் தன் போக்கில் ஓட விடுகிறது. சரிவில் இறங்கும்போது பின்சக்கரத்திலிருந்து கேட்கும் 'டிக் டிக்' ஒலி இதனுள்ளிருந்து வருவதே.

பிரீவீலைக் கழற்றுவதற்கென்று தனிக்கருவி உண்டு. அதன் முனை பிரீவீலின் உள்ளுடலில் உள்ள பள்ளங்களில் சரியாக அமரும். பழைய வண்டிகளில் அந்தப் பள்ளங்கள் தேய்ந்து போயிருக்கலாம். பொருத்தமான கருவி ஊரில் கிடைக்காமலும் போகலாம். அத்தகைய நேரங்களில் சுத்தியல், உளி, பெஞ்ச் வைஸ் அல்லது பைப் ரெஞ்ச் போன்ற பொதுவான கருவிகளைக் கொண்டே இதைக் கழற்ற முடியும். பிரீவீலின் அமைப்பையும் அதன் மரைகள் செல்லும் திசையையும் அறிந்திருப்பது இதற்கு அவசியம். அறியாமல் செய்தால் 1 பிரீவீலுக்காக முழுச் சக்கரத்தையும் இழக்க நேரிடும்.

வரலாறு

தொடக்க கால மிதிவண்டிகளில் மிதியும் சக்கரமும் ஒன்றாகவே சுழன்றன. சக்கரம் ஓடும்வரை கால்களும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கத்தில் இது ஆபத்தாக முடிந்தது. 1869-ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் வான் ஆன்டன் மிதிவண்டிக்கு ஒரு பிரீவீல் அமைப்பை உருவாக்கினார். 19-ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில் பிரீவீல் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் மிதிவண்டித் தொழில் பெரிய அளவில் வேரூன்றியது சென்னை அம்பத்தூரில். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. இந்தியச் சாலைகளில் ஓடிய கறுப்பு நிறப் பெரிய வண்டிகள் ஆங்கிலேய வடிவமைப்பையும் அங்குல அளவுகளையும் பின்பற்றியவை. அதனால் பிரீவீலின் மரையும் அந்த முறையிலேயே அமைந்தது. குடத்தின் மரை விட்டம் ஏறத்தாழ 1.37 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 மரைகள். பழைய பிரீவீலைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கும் புதியதை அதே குடத்தில் மாட்ட முடிவதற்கு இந்தப் பொது அளவே காரணம்.

அமைப்பு

ஒற்றைப் பல் பிரீவீலில் 2 முதன்மைப் பகுதிகள் உள்ளன.

முதலாவது உள்ளுடல். இது குடத்தின் மீது திருகப்படும் உருளை வடிவத் துண்டு. இதன் வெளிமுகத்தில் எதிரெதிராக 2 பள்ளங்கள் இருக்கும். சில வகைகளில் 4 பள்ளங்கள் இருக்கும். கழற்றும் கருவி அமரும் இடம் இதுவே. உள்ளுடலின் பக்கவாட்டில் கவ்விகள் எனப்படும் சிறு எஃகு நாக்குகள் மெல்லிய கம்பிச் சுருளால் வெளிப்புறம் தள்ளப்பட்ட நிலையில் இருக்கும்.

இரண்டாவது வெளிவளையம். செயின் அமரும் பற்கள் இதன் வெளிப்புறத்திலும், கவ்விகள் மாட்டும் சாய்வான பற்கள் இதன் உட்புறத்திலும் உள்ளன. இரு பகுதிகளுக்கும் இடையே 1/8 அங்குலச் சிறு எஃகுக் குண்டுகள் வரிசையாக இருக்கும். இவற்றைக் கடைகளில் பால்ரஸ் என்பர். இவை அனைத்தையும் வெளியே விழாமல் காப்பது முகப்பில் திருகப்பட்டிருக்கும் மூடி வளையம். அதில் 2 சிறு துளைகளைக் காணலாம்.

செயின் வெளிவளையத்தை முன்னோக்கி இழுக்கும்போது அதன் உட்பற்கள் கவ்விகளில் மாட்டி உள்ளுடலையும் சுழற்றும். மிதிப்பது நின்றால் கவ்விகள் உட்பற்களின் சரிவில் வழுக்கிச் செல்லும். 'டிக் டிக்' ஒலி அப்போது எழுவதே.

இந்த அமைப்பிலிருந்து கழற்றும் வேலைக்கான அடிப்படை விதி கிடைக்கிறது. வெளிவளையத்தின் பற்களைப் பிடித்துப் பின்னோக்கித் திருப்பினால் அது வெறுமனே சுழலும். குடத்தின் மரை அசையாது. எனவே பிரீவீலைக் கழற்ற உள்ளுடலைப் பிடிக்க வேண்டும். கீழே கூறப்படும் முறைகள் எல்லாம் உள்ளுடலைப் பிடிப்பதற்கான வெவ்வேறு வழிகளே.

மரைகளின் திசை

கடிகார முள் சுற்றும் திசையை வலஞ்சுழி என்றும், அதற்கு எதிர்த்திசையை இடஞ்சுழி என்றும் கொள்வோம். சக்கரத்தின் வலப்பக்கத்தில், அதாவது பிரீவீல் தெரியும் பக்கத்தில் நின்று பார்க்கும்போது திசைகள் பின்வருமாறு அமையும்.

- உள்ளுடல் குடத்தோடு சேரும் மரை: இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும், வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும்.
- முகப்பில் உள்ள மூடி வளையத்தின் மரை: வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இது வழக்கமான மரைக்கு நேர்மாறானது.

மூடி வளையத்தைச் சாதாரணத் திருகு என்று எண்ணி இடஞ்சுழியாகத் தட்டுபவர்கள் பலர். அவ்வாறு தட்டத் தட்ட மூடி மேலும் இறுகும், துளையும் சிதைந்துவிடும்.

பிரீவீல் ஏன் இவ்வளவு இறுகுகிறது

பிரீவீலைப் பொருத்தும்போது யாரும் அதை வலிந்து இறுக்குவதில்லை. ஓட்டுபவரின் கால்களே அதை இறுக்குகின்றன. செயின் இழுக்கும் திசையும் மரை இறுகும் திசையும் ஒன்றே என்பதால் ஒவ்வொரு மிதியும் பிரீவீலைச் சிறிது இறுக்க முயல்கிறது. சமதளத்தில் இந்த விசை குறைவு. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது அதிகம்.

இதற்கு ஏற்காட்டு மலைப்பாதை நல்ல எடுத்துக்காட்டு. சேலம் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்தில் ஏற்காடு உள்ளது. சேலம் நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவுக்குள் சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே ஏறுகிறது. மலை மேலும் சமதளம் அன்று. காப்பித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் சிற்றூர்ச் சாலைகள் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் தம் முழு எடையையும் ஒரு மிதியின் மீது வைத்து நிற்பதாகக் கொள்வோம். விசை ஏறத்தாழ 590 நியூட்டன். மிதித்தண்டின் நீளம் 16.5 செ.மீ. எனில் முன் பல்சக்கரத்தின் மீதான முறுக்கு விசை சுமார் 97 நியூட்டன் மீட்டர். முன் சக்கரத்தில் 44 பற்களும் பிரீவீலில் 18 பற்களும் உள்ள சாதாரண வண்டியில், பிரீவீலுக்கு வந்து சேரும் முறுக்கு விசை 97 × 18 ÷ 44, அதாவது சுமார் 40 நியூட்டன் மீட்டர்.

கியர் வண்டியில் மேடு ஏறுவதற்காக முன்னும் பின்னும் 28 பற்கள் உள்ள நிலையைத் தேர்ந்தால், முன்னே உள்ள முறுக்கு விசை குறையாமல் அப்படியே பின்னே செல்லும். மிதித்தண்டு 17 செ.மீ. எனில் அது சுமார் 100 நியூட்டன் மீட்டர். ஓட்டுபவருக்கு எளிதாகத் தோன்றும் கியரே பிரீவீலை மிகுதியாக இறுக்குகிறது. மலையில் ஓடிய கியர் வண்டிகளின் பிரீவீல் எளிதில் அசையாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் மழையும் பனிமூட்டமும் தரும் ஈரம். மசகு இடாமல் பொருத்திய மரைக்குள் ஈரம் புகுந்தால் துரு பிடித்து இரு இரும்புகளையும் ஒட்ட வைத்துவிடும்.

சக்கரமே நெம்புகோல்

25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரை ஒரு கையால் 20 கிலோ அளவு விசையுடன் இழுத்தால் சுமார் 49 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைதான் கிடைக்கும். மேலே கண்ட 100 நியூட்டன் மீட்டருக்கு இது போதாது.

மாறாக, உள்ளுடலை வைஸில் அசையாமல் பிடித்துவிட்டுச் சக்கரத்தின் விளிம்பை இரு கைகளாலும் திருப்பினால் நிலைமை மாறுகிறது. பெரிய வண்டியின் சக்கரம் டயருடன் சேர்த்து ஏறத்தாழ 70 செ.மீ. விட்டம் கொண்டது; ஆரம் 35 செ.மீ. ஒவ்வொரு கையும் 20 கிலோ விசை கொடுத்தால் மொத்தம் சுமார் 137 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். கையில் உள்ள எந்த ஸ்பேனரையும்விடச் சக்கரமே சிறந்த நெம்புகோல்.

இதனால் ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. பிரீவீலைக் கழற்றும் முன் ஆரக்கம்பிகளை வெட்டவோ கழற்றவோ கூடாது. கடைகளில் போக்ஸ் கம்பி எனப்படும் இக்கம்பிகள் போய்விட்டால் கையில் எஞ்சுவது சிறிய குடமும் அதில் ஒட்டிய பிரீவீலும் மட்டுமே. பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது. ரிம் வளைந்துவிட்டது, புது ரிம் போட வேண்டும் என்ற நிலையிலும்கூட முதலில் பிரீவீல், பிறகே கம்பிகள் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

எப்போது கழற்ற வேண்டும்

பிரீவீலைக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் 3 காரணங்களால் வருகிறது.

1. வலப்பக்க ஆரக்கம்பி உடைதல். இந்தியப் பெரிய வண்டிகளின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பது வழக்கம். பின்சக்கரக் கம்பிகளில் பாதி வலப்பக்கம் உள்ளவை. 18 பல் பிரீவீலின் விட்டம் ஏறத்தாழ 73 மி.மீ. என்பதால் அது குடத்தின் கம்பித் துளைகளை மறைத்து நிற்கும். புதிய கம்பியை நேராக நுழைக்க வழியிருக்காது. கம்பியை வளைத்து நுழைப்பது தற்காலிக ஏற்பாடே.
2. பற்கள் தேய்ந்து கூர்மையாகி, அழுத்தி மிதிக்கும்போது செயின் தாவுதல்.
3. உள்ளே உள்ள கவ்வி அல்லது சுருள் உடைந்து, மிதித்தாலும் வண்டி நகராமல் போதல்.

மூன்றாவது வகையில் அவசரப்பட வேண்டாம். பழைய கிரீஸ் கெட்டியாகிக் கவ்விகள் ஒட்டிக்கொண்டாலும் இதே அறிகுறி தோன்றும். வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்து, பிரீவீலின் முகப்பு இடுக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். கறுப்பு நீர் வெளியேறித் தெளிவாகும்வரை இதைத் திரும்பச் செய்து, காய்ந்தபின் மெல்லிய எண்ணெய் சில துளிகள் விட வேண்டும். 'டிக் டிக்' ஒலி தெளிவாகத் திரும்பினால் கழற்றும் வேலையே தேவையில்லை.

பிரீவீலா, கேசட்டா

பல கியர் வண்டிகளில் பின்பற்சக்கரத் தொகுதி 2 வகைப்படும். ஒன்று குடத்தில் திருகப்படும் பிரீவீல். மற்றொன்று கவ்வி அமைப்பு குடத்திலேயே இருந்து, பற்சக்கரங்கள் மட்டும் மேலே செருகப்படும் கேசட். கேசட்டுக்கு இக்கட்டுரையின் முறைகள் பொருந்தா.

இரண்டையும் பிரித்தறிய, சக்கரத்தை அசையாமல் பிடித்துப் பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் கருவி அமரும் பள்ளமுள்ள வளையம் அசையாமல் நின்றால் அது பிரீவீல். அந்த வளையமும் பற்களுடன் சேர்ந்து சுழன்றால் அது கேசட்.

முன்னேற்பாடு

சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றும்போது அச்சு நட்டில் மாட்டியிருக்கும் ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி, வாஷர்கள் ஆகியவற்றின் வரிசையைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மீண்டும் மாட்ட வேண்டும்.

பிறகு சக்கரத்தைப் படுக்க வைத்து, பிரீவீலுக்கும் குடத்துக்கும் இடையே பின்புறமாகவும், உள்ளுடலின் முகப்பில் மரை தெரியும் இடத்திலும் துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். அது இல்லையெனில் மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்தும் விடலாம். ஓர் இரவு ஊற விடுதல் வேண்டும். துரு மிகுந்திருந்தால் 2 நாள்கள் திரும்பத் திரும்ப விடலாம். டயர், ரிம், பிரேக் கட்டை உராயும் பகுதி ஆகியவற்றில் எண்ணெய் படாமல் துணி போர்த்த வேண்டும்.

சூடு காட்டுவது பலர் கையாளும் வழி. அலுமினியக் குடத்துக்கு அது பயன் தருவது ஐயம். எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். உள்ளே இருக்கும் அலுமினியக் குடம் வெளியே இருக்கும் எஃகுப் பிரீவீலைவிட அதிகமாக விரிந்து மரையை மேலும் இறுக்கும். மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பைக் காட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

சுத்தியல் வேலையின்போது எஃகுச் சில்லுகள் தெறிக்கும். கண்ணாடி அணிவது கட்டாயம்.

முதல் முறை: பட்டை இரும்பு

உள்ளுடலின் பள்ளங்கள் தேயாமல் இருந்தால் இம்முறையில் பிரீவீல் சேதமின்றி வெளிவரும். மீண்டும் பயன்படுத்த விரும்புவோர் முதலில் இதையே முயல வேண்டும்.

முதலில் குடத்தின் அச்சை எடுத்துவிட வேண்டும். இடப்பக்கக் கோனைக் கழற்றி அச்சை வலப்பக்கமாக உருவினால் பால்ரஸ் குண்டுகள் உதிரும். பெரிய வண்டியின் பின்குடத்தில் பக்கத்துக்கு 9 வீதம் 18 குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 1/4 அங்குலம். கீழே துணி விரித்து, எண்ணி எடுத்து வைக்க வேண்டும்.

பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக அமரும் தடிமனில் ஒரு பட்டை இரும்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் அகலத்தை, எதிரெதிராக உள்ள 2 பள்ளங்களிலும் ஒரே நேரத்தில் அமரும் வகையில் அராவ வேண்டும். இது பார்வைக்குப் பெரிய திருப்புளியின் முனை போல இருக்கும். முனையின் விளிம்புகள் உருண்டையாக இல்லாமல் நேராக இருப்பது முக்கியம்.

பட்டையை வைஸில் செங்குத்தாக இறுக்கி, பிரீவீல் கீழே இருக்கும்படி சக்கரத்தை அதன் மேல் அமர்த்த வேண்டும். ஒருவர் குடத்தின் மேல் அழுத்திப் பிடிக்க, மற்றவர் விளிம்பை இரு கைகளாலும் பற்றி, மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மெதுவாக அழுத்துவதைவிடச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டித் திருப்புவதே துருப் பிடிப்பை உடைக்கும். பட்டை பள்ளத்திலிருந்து நழுவத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். பள்ளத்தின் விளிம்பு உருண்டுவிட்டால் தனிக்கருவிகூடப் பிறகு பயன்படாது.

இரண்டாம் முறை: உளியும் சுத்தியலும்

வைஸ் இல்லாத இடத்தில் இம்முறை உதவும். சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மழுங்கிய உளியையோ தட்டை முனை பஞ்சையோ ஒரு பள்ளத்தின் விளிம்பில் சாய்த்து வைத்து, இடஞ்சுழித் திசையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். சில அடிகளுக்குப் பின் எதிர்ப்பள்ளத்துக்கு மாற வேண்டும். ஒரே பள்ளத்தில் தொடர்ந்து அடித்தால் அது சிதைந்துவிடும்.

உள்ளுடலின் முகப்பில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடும், அதன் நேரே குடத்தில் ஒரு கோடும் இட்டுக்கொண்டால் அசைவு நிகழ்கிறதா என்று தெரியும். கோடுகள் சிறிதளவு விலகினாலும் வேலை பாதி முடிந்தது எனலாம். விலகாமல் பள்ளம் மட்டும் நசுங்கினால் மூன்றாம் முறைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் முறை: பிரித்தெடுத்தல்

இது பிரீவீலைக் கைவிட்டுச் சக்கரத்தைக் காப்பாற்றும் முறை. தேய்ந்துபோன பிரீவீல் எப்படியும் மாற்றப்பட வேண்டியதே. குடம், ரிம், 40 கம்பிகள், அவற்றைக் கோத்து நேராக்கும் கூலி ஆகியவற்றோடு ஒப்பிட்டால் ஒற்றைப் பல் பிரீவீலின் விலை குறைவு.

சக்கரத்தைப் பிரீவீல் மேலே தெரியும்படி அகன்ற துணியின் மீதோ தட்டின் மீதோ படுக்க வைக்க வேண்டும். முகப்பு மூடி வளையத்தின் சிறு துளை ஒன்றில் பஞ்சைச் சாய்த்து வைத்து, வலஞ்சுழியாக அடிக்க வேண்டும். மூடி அசைந்ததும் கையாலேயே சுற்றி எடுத்துவிடலாம்.

அடுத்து வெளிவளையத்தை மேல்நோக்கித் தூக்கினால் அது கழன்று வரும். சிறு குண்டுகளும் கவ்விகளும் சுருள்களும் உதிரும். இப்போது குடத்தில் எஞ்சியிருப்பது உள்ளுடல் மட்டுமே. முன்பு பற்களைப் பிடித்தபோது வழுக்கிச் சென்ற அமைப்பு இனி இல்லை. உறுதியான எஃகு உருளை ஒன்று பிடிப்பதற்குக் கிடைத்துவிட்டது.

வைஸ் இருந்தால் சக்கரத்தைத் திருப்பி, உள்ளுடலை வைஸின் தாடைகளுக்கிடையே நன்கு இறுக்க வேண்டும். கவ்விகள் இருந்த குழிவுகளில் தாடை பதியுமாறு வைத்தால் நழுவாது. பிறகு முதல் முறையில் கூறியபடி, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும்.

வைஸ் இல்லையெனில் குழாய் வேலைக்குப் பயன்படும் பைப் ரெஞ்ச் போதும். தோட்டங்களிலும் குழாய் பழுது பார்ப்பவர்களிடமும் இது எளிதாகக் கிடைக்கும். நீளமான கைப்பிடி உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சக்கரத்தை நிமிர்த்திச் சுவரோடு அண்டக் கொடுத்து, பிரீவீல் பக்கத்திலிருந்து பார்க்க இடஞ்சுழியாக ரெஞ்சை இழுக்க வேண்டும். வைஸில் வைத்து மேலிருந்து பார்த்தாலும், ரெஞ்சைப் பிடித்து வலப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் திசை இடஞ்சுழியே. குழப்பம் வந்தால் இதை நினைவில் கொள்ளலாம்.

பல கியர் பிரீவீலையும் இதே வழியில் பிரிக்கலாம். அதன் மூடியும் வலஞ்சுழியாகவே கழலும். ஆனால் உள்ளே குண்டுகளின் எண்ணிக்கை மிகுதி.

உள்ளுடலும் பிடி கொடுக்காத அரிய நிலையில், வெல்டிங் பட்டறையில் அதன் மீது ஓர் இரும்புத் துண்டைப் பற்றவைத்து அதைப் பிடித்துத் திருப்புவது கடைசி வழி. அதற்கு முன் டயர், டியூப், அச்சு, கிரீஸ் அனைத்தையும் நீக்கிவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

- பிரீவீலைக் கழற்றும் முன் ஆரக்கம்பிகளை வெட்டுதல்.
- பற்களின் மீது சுத்தியலால் அடித்தல். பற்கள் உடையும்; மரை அசையாது.
- உள்ளுடலை ஆழமாக அறுத்தல் அல்லது உளியால் பிளத்தல். அதன் அடியில் இருப்பது குடத்தின் நுண்ணிய மரை. அது வெட்டுப்பட்டால் குடமே வீணாகும்.
- அச்சு குடத்தில் இருக்கும்போது அதன் முனையில் அடித்தல். அச்சின் மரை சிதையும், வளையவும் கூடும்.

புதியதைப் பொருத்துதல்

குடத்தின் மரையை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு சுத்தம் செய்து, துணியால் துடைத்து, கிரீஸ் தடவ வேண்டும். அடுத்த முறை கழற்றுபவருக்குச் செய்யும் பேருதவி இந்தக் கிரீஸ்தான்.

மரைகளின் இடைவெளி ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே என்பதால் கோணலாக ஏறும் ஆபத்து உண்டு. புதிய பிரீவீலைக் குடத்தின் மீது தட்டையாக வைத்து, முதலில் இடஞ்சுழியாக மெல்லச் சுற்ற வேண்டும். மரையின் தொடக்கம் பொருந்தும்போது 'டக்' என்று சிறிது இறங்கும். அங்கிருந்து வலஞ்சுழியாகக் கையால் மட்டுமே திருக வேண்டும். 3 அல்லது 4 சுற்றுகள் தடையின்றி ஏறினால் சரியாகப் பொருந்திவிட்டது என்று கொள்ளலாம். பாதியில் முரண்டு பிடித்தால் கழற்றி மீண்டும் தொடங்க வேண்டும். கருவி கொண்டு இறுக்கத் தேவையில்லை. மிதிக்கும்போது அது தானே இறுகும்.

செயினையும் அப்போதே அளந்து பார்க்க வேண்டும். அரை அங்குலக் கண்ணிகள் கொண்ட செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 1/8 அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் செயினையும் மாற்றிவிட வேண்டும். நீண்ட செயின் புதிய பற்களை விரைவில் தேய்த்துவிடும்.

இறக்கத்துக்கு முன் சோதனை

பழுதான பிரீவீலோடு சமதளத்தில் ஓட்டுபவர் வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். மலைப்பாதையில் அது அவ்வளவு எளிதன்று. பிரீவீல் உள்ளே இறுகி ஓடாமல் நின்றால், இறக்கத்தில் சக்கரம் செயினையும் மிதியையும் இழுத்துச் சுழற்றும். வளைவில் சாயும்போது கீழே வரும் மிதி தரையில் உரசி வண்டியைக் கவிழ்க்கக்கூடும். பிரீவீல் நன்றாக வேலை செய்தாலோ, மிதியைக் கொண்டு வேகத்தைக் குறைக்க வழியில்லை. முழுப் பொறுப்பும் பிரேக்கையே சாரும்.

ஆகவே சக்கரத்தை மாட்டியபின் 4 சோதனைகள் அவசியம். சக்கரம் சட்டத்தின் நடுவில் ஓட வேண்டும். செயின் நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை அங்குலம் தளர்வாக இருக்க வேண்டும். மிதியைப் பின்னோக்கிச் சுழற்றினால் தடையில்லாத 'டிக் டிக்' ஒலி கேட்க வேண்டும். பிரேக் கட்டைகள் எண்ணெய்ப் பசை இல்லாமல் ரிம்மில் முழுமையாகப் பதிய வேண்டும். அதன்பின் சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி, சிறு மேடு ஒன்றில் அழுத்தி மிதித்துப் பார்த்த பிறகே மலைச்சரிவில் இறங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கும், மலைச்சாலையில் கியர் வண்டி ஓட்டுபவருக்கும் பிரீவீலின் அடிப்படை ஒன்றே. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ் இட்டுப் பொருத்தினால் அடுத்த முறை சுத்தியலும் உளியும் தேவைப்படாது.